டிஸ்னி கதைத் தட்டுகளில் குரல் ஏன் வேறாக இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் குழந்தைகளுக்கான இசைத்தட்டுகளை ஒரு கட்டாக வாங்கியிருக்கிறீர்கள். அதில் டிஸ்னியின் ‘ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட்’ எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய வினைல் தட்டு) ஒன்று இருக்கிறது. பாட்டுகள் படத்தில் வருபவைதான்; பாடும் குரல் மட்டும் படத்தில் கேட்ட குரல் இல்லை. ‘ஜங்கிள் புக்’ தட்டு ஒன்றில் படத்தில் இல்லாத கதை வருகிறது. நடுநடுவே மணி ஒலிக்கும் ஒரு சிறிய தட்டும் அதற்கான புத்தகமும், மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டித் தட்டும், கனமான கறுப்புத் தட்டுகள் சிலவும் இருக்கின்றன. இவை போலிகளா, ஏன் இப்படிச் செய்தார்கள், எப்படிப் பாதுகாப்பது என்று கேட்கிறீர்கள்.

போலி எதுவும் இல்லை. நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் மிக அருமையான கட்டு அது. படத்தின் நகல் என்று எண்ணிக் கேட்டால் இந்தத் தட்டுகள் ஏமாற்றும். அந்தப் படங்களைக் காதுக்காக மறுபடி எழுதி, மறுபடி நடித்து, மறுபடி இசையமைத்த தனிப் படைப்புகள் என்று எண்ணிக் கேளுங்கள். குரல் ஏன் மாறியது, கதை ஏன் நீண்டது என்பதெல்லாம் அப்போது தானே விளங்கிவிடும்.

முதலில் காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். ‘ஸ்னோ ஒயிட்’ 1937 டிசம்பர் 21 அன்று வெளியானது. அமெரிக்காவில் அந்தப் படம் வீடியோ கேசட்டாக வீட்டுக்கு வந்தது 1994இல். இடைப்பட்ட காலத்தில் 1944, 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 ஆகிய ஆண்டுகளில் மறுபடி திரையரங்குக்கு வந்தது. 1944இல் ஆறு வயதில் அதைப் பார்த்த குழந்தை மறுமுறை பார்க்கும்போது பதினான்கு வயதாகியிருக்கும். குழந்தைப் பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை பார்த்த படம்! அதை வீட்டில் வைத்துக்கொள்ள இருந்த வழிகள் இரண்டு: ஒன்று படக்கதைப் புத்தகம், மற்றொன்று ரெக்கார்டு. ரெக்கார்டில் மட்டும்தான் அந்தப் பாத்திரங்கள் பேசின, பாடின.

படம் வந்த சில வாரங்களில், 1938 ஜனவரியில், விக்டர் நிறுவனம் ‘ஸ்னோ ஒயிட்’ பாடல்களை மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டது. அதுவரை ஒரு படத்தின் பாட்டு ரெக்கார்டாக வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு நடன இசைக்குழு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்த வடிவமாகத்தான் இருக்கும். படத்தின் ஒலியையே எடுத்துத் தட்டில் பதித்து விற்றது இந்தத் தொகுப்புதான். வணிகரீதியில் வெளியான முதல் திரைப்பட ஒலித்தொகுப்பு என்ற பெருமை ஒரு கார்ட்டூன் படத்துக்குக் கிடைத்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் அதில் கதை இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஆறு பக்கம் என்றால் இருபது நிமிடத்துக்குள். பாட்டுக்கே அந்த இடம் போதாது.

1940இல் ‘பினோகியோ’ வந்தபோது இரண்டு விதமான தொகுப்புகள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தன. விக்டர் வெளியிட்டது படத்தின் ஒலி. டெக்கா என்ற இன்னொரு நிறுவனம் வெளியிட்டது, விக்டர் யங் என்ற இசையமைப்பாளரின் குழுவோடு ஸ்டூடியோவில் புதிதாகப் பதிவு செய்தது. ஆனாலும் அதில் ஜிமினி கிரிக்கெட் என்ற பேசும் சில்வண்டுக்குப் படத்தில் குரல் கொடுத்த கிளிஃப் எட்வர்ட்ஸே பாடினார். ஆக, ‘படத்திலிருந்து எடுத்தது’, ‘படத்தை வைத்துச் செய்தது’ என்ற இரண்டு கிளைகளும் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. உங்கள் ஆலிஸ் இரண்டாவது கிளையைச் சேர்ந்தது.

கதையைத் தட்டில் சொல்ல முயன்றவர்களுக்கு உண்மையான சிக்கல் படம் இல்லாமல் போவதுதான். நம் புராணப் படங்களின் கதை வசன ரெக்கார்டுகள் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் ஓடும்போது யாருக்கும் எதுவும் குறையாகத் தெரிந்ததில்லை. அந்தப் படங்கள் வசனத்தின் மீது எழுந்து நிற்பவை. ஒலியை மட்டும் எடுத்தாலே கதை முழுதாக வந்துவிடும். அனிமேஷன் படம் அப்படியன்று. ‘பாம்பி’யில் பேச்சு மிகக் குறைவு, மழையும் பனியும் காட்டுத்தீயும்தான் கதையை நடத்துகின்றன. ‘டம்போ’வில் கதாநாயகனான யானைக்குட்டி படம் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பேசாத கதாநாயகனைப் பார்வையில்லாத ஓர் ஊடகத்தில் எப்படிக் கொண்டுவருவது? கதைசொல்லி ஒருவர் வந்தே ஆக வேண்டும். ஆர்.சி.ஏ. விக்டருக்காக (மேலே சொன்ன அதே விக்டர்தான்) இந்த இரண்டு கதைகளையும் சொன்னவர், குழந்தை நட்சத்திரமாகப் புகழ்பெற்ற ஷெர்லி டெம்பிள். காமிரா காட்டியதையெல்லாம் இனி ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் குழந்தை சலித்து எழுந்து போய்விடாதபடி, இசைக்கு வழிவிட்டு, சில வாக்கியங்களில். அது நல்ல எழுத்து வேலை. உறையின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில்தான் பெரும்பாலும் அந்த எழுத்தாளர்களின் பெயர் இருக்கும், அதுவும் இருந்தால்.

இந்தக் கலையில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது கேப்பிட்டல் நிறுவனம். ஆலன் லிவிங்ஸ்டன் என்ற இளைஞர் 1946இல் போசோ என்ற கோமாளியை உருவாக்கி, தட்டும் படப்புத்தகமும் சேர்ந்த தொகுப்பாக வெளியிட்டார். கோமாளி கதை சொல்லிக்கொண்டே போவான். விசில் ஊதினால் குழந்தை பக்கத்தைத் திருப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் தனியாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் ‘படித்து’ முடிக்க முடிந்தது. இது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. போசோவுக்குக் குரல் கொடுத்தவர் பின்டோ கோல்விக். டிஸ்னியின் கூஃபி அவர்தான். ‘ஸ்னோ ஒயிட்’ குள்ளர்களில் சிடுமூஞ்சி கிரம்பியும் தூங்குமூஞ்சி ஸ்லீப்பியும் அவரே. கார்ட்டூன் ஸ்டூடியோவில் பழகிய தொண்டை ரெக்கார்டு ஸ்டூடியோவுக்குப் போனதும் என்ன ஆயிற்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கார்ட்டூன் நடிகர்கள் உருவம் துணையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் குரலாலேயே நிறுத்தத் தெரிந்தவர்கள். பின்னர் கேப்பிட்டல் குரல் நடிகர் மெல் பிளாங்கை வைத்து பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலையும் இதே முறையில் தட்டுக்குக் கொண்டுவந்தது.

மஞ்சள் தட்டு லிட்டில் கோல்டன் ரெக்கார்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். 1948இல் தொடங்கிய வரிசை. ஆறு அங்குல மஞ்சள் பிளாஸ்டிக், விலை 25 சென்ட். குழந்தை தன் கையாலேயே போட்டு, கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போடும்படி செய்யப்பட்டவை. அதனாலேயே கீறல் இல்லாமல் கிடைப்பது அரிது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். டிஸ்னி தன் படப் பாடல்களை வெகுகாலம் பிறருக்கே கொடுத்துவந்தது. ‘ஸ்னோ ஒயிட்’, ‘பினோகியோ’ பாடல்களின் பதிப்புரிமை வெளியார் கையில் போய், போர்ன் என்ற இசைப் பதிப்பகத்தில் நிலைத்துவிட்டது. அந்தப் பாடத்துக்குப் பிறகு 1949இல் டிஸ்னி சொந்தமாக இசைப் பதிப்பு நிறுவனம் தொடங்கியது. 1950இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’வின் பாடல்கள் அதன் கையில் இருந்தன. ஆனால் தட்டு அச்சிடுவது அப்போதும் ஆர்.சி.ஏ.வும் மற்றவர்களும்தான். 1955இல் டிஸ்னியின் தொலைக்காட்சித் தொடரில் வந்த டேவி கிராக்கெட் பாட்டு அமெரிக்கா முழுவதும் எரிதழலாகப் பரவியபோது, முதலிடத்துக்குப் போன ரெக்கார்டு கேடன்ஸ் என்ற வேறொரு நிறுவனத்துடையது. மறு ஆண்டே, 1956இல், டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் பிறந்தது. நிர்வாகம் ஜிம்மி ஜான்சன். இசைப் பொறுப்பு டூட்டி கமராட்டா.

அதே காலத்து ஒப்பந்தம் ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1955இல் வந்த ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ படத்துக்காகப் பாட்டெழுதி, பாடி, குரலும் கொடுத்தவர் பெக்கி லீ. பொதுமக்களுக்கு விற்கும் ரெக்கார்டுகளும் ஒலிப்பதிவுப் படிகளும் தன் அனுமதியின்றி வரக்கூடாது என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ரெக்கார்டை மனத்தில் வைத்து எழுதிய வரி. 1980களில் அந்தப் படம் வீடியோ கேசட்டாக வந்து லட்சக்கணக்கில் விற்றபோது, அதே வரியைக் காட்டி 1988இல் வழக்குத் தொடுத்தார். இறுதியில் சுமார் 23 லட்சம் டாலர் கிடைத்தது. வீட்டில் ஒரு படத்தை வைத்துக்கொள்வது என்றால் ரெக்கார்டுதான் என்று எல்லோரும் எண்ணிய காலத்தின் அடையாளம் அந்த ஒரு வரி.

கமராட்டா ஜிம்மி டார்சியின் நடன இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்து, இசைக்கோப்பும் செய்தவர். குழந்தைகளுக்கான தட்டு என்பதற்காக அவர் எதையும் குறைத்துச் செய்யவில்லை. முழு இசைக்குழு, தேர்ந்த வாத்தியக்காரர்கள், கவனமான பதிவு. டிஸ்னிக்கென்று ஓர் ஒலிப்பதிவுக்கூடம் கட்ட வால்ட் டிஸ்னி விரும்பவில்லை. ஆகவே கமராட்டா 1958இல் ஹாலிவுட்டில் கார் பழுதுபார்க்கும் பட்டறையாக இருந்த கட்டடம் ஒன்றை வாங்கி, சன்செட் சவுண்ட் என்ற கூடத்தைத் தானே அமைத்தார். டிஸ்னி அதன் நிலையான வாடிக்கையாளர் ஆனது. பிற்காலத்தில் தி டோர்ஸ், பிரின்ஸ் போன்றவர்கள் பதிவு செய்த புகழ்பெற்ற கூடம் அது. அது எழுந்து நிற்கக் குழந்தைகளின் கதைத் தட்டுகள் கைகொடுத்தன என்பதை ராக் இசை வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் ஆலிஸ் இந்தக் கமராட்டாவின் கைவேலைதான். படத்தில் ஆலிஸாகப் பேசிப் பாடியவர் கேத்ரின் போமான்ட். 1950களின் பிற்பகுதியில் டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் அந்தப் பாடல்களை எல்பியாகக் கொண்டுவந்தபோது, ‘மிக்கி மவுஸ் கிளப்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருந்த டார்லீன் கில்லெஸ்பி என்ற சிறுமியைப் பாடவைத்து, எல்லாவற்றையும் புதிதாக இசைக்கோர்த்துப் பதிவு செய்தார்கள். படத்தின் அசல் ஒலித்தொகுப்பு எல்பி காலத்தில் கடைக்கு வரவில்லை. உறைகள் மாறி மாறிப் பல ஆண்டுகள் விற்றது கில்லெஸ்பியின் பதிவு. ஆகவே ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆலிஸின் வீட்டுக் குரல் அவருடையதுதான். படத்தில் பாட்டுகள் துண்டு துண்டாக, ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அவசரத்தில் வந்து போகும். தட்டில் அவற்றுக்கு முழு வடிவம் இருக்கிறது; இசைக்கோப்பு நிதானமாக விரிகிறது. பாட்டாக மட்டும் கேட்பதென்றால் நான் இந்தத் தட்டைத்தான் எடுப்பேன். (இன்னொரு செய்தி: 1944இலேயே, படம் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஆலிஸாக நடித்த தொகுப்பொன்றை டெக்கா வெளியிட்டது. உறைப் படம் டிஸ்னி ஸ்டூடியோவினுடையது. படத்தை ரெக்கார்டு முந்திக்கொண்டது.)

டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸின் உச்சம் என்று நான் கருதுவது ‘ஸ்டோரிடெல்லர்’ வரிசை. உறையைத் திறந்தால் உள்ளேயே தைத்த வண்ணப் படப்புத்தகம்; தட்டில் கதைசொல்லியும் பாட்டுகளும். எழுபது எண்பது நிமிடப் படம் ஒரு எல்பியின் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எதை விடுவது, எதைச் சொல்வது, எந்த இடத்தில் முதல் பக்கத்தை முடித்துக் குழந்தையை எழுந்து தட்டைத் திருப்பவைப்பது என்பதில் அவர்களுக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. ஒன்றைக் கேட்கும்போது முதல் பக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள்.

மணி ஒலிக்கும் சிறிய தட்டு 1965இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்தது. ஏழு அங்குலத் தட்டுதான், ஆனால் 45 வேகத்தில் போடாதீர்கள்; 33⅓ வேகத்தில் ஓட வேண்டியது. கூடவே 24 பக்கப் புத்தகம். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் ‘பீட்டர் பேன்’ படத்தின் குட்டித் தேவதை டிங்கர் பெல் தன் சிறு மணிகளை ஒலிக்கச் செய்வாள். போசோவின் விசில் செய்த அதே வேலைதான். ஆனால் விசில் கதையை வெட்டும், இந்த மணி கதைக்குள்ளேயே கரைந்துவிடும். அந்த வரிசையின் தொடக்கக்காலத் தட்டுகள் பலவற்றில் கதை வாசித்தவர் ராபி லெஸ்டர். ‘அரிஸ்டோகேட்ஸ்’ படத்தில் தாய்ப்பூனை டச்சஸ் பேசுவது ஈவா கபோர் குரலில், பாடுவது ராபி லெஸ்டர் குரலில். அவசரமில்லாத, செல்லம் கொஞ்சாத வாசிப்பு அவருடையது. குழந்தை விரலை வரியின் மீது வைத்துத் தொடரும் வேகம் அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் எத்தனையோ பேர் பள்ளிக்குப் போகும் முன்பே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது இந்தத் தட்டுகளை வைத்துத்தான்.

இனி ‘ஜங்கிள் புக்’. படம் 1967. மறு ஆண்டு டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் ‘மோர் ஜங்கிள் புக்’ என்ற தட்டை வெளியிட்டது. உங்களிடம் இருப்பது அதுதான். மௌக்ளி ஊருக்குள் போய்விட்டான்; அவனைப் பிரிந்து கரடி பாலு ஏங்குகிறது; குரங்கரசன் லூயியையும் கருஞ்சிறுத்தை பகீராவையும் சேர்த்துக்கொண்டு அவனைத் திரும்பக் கூட்டிவரப் புறப்படுகிறது. பாலுவாக ஃபில் ஹாரிஸ், லூயியாக லூயி பிரிமா, அதாவது படத்தின் அதே குரல்கள். மௌக்ளிக்கு ஜின்னி டைலர், பகீராவுக்கு டால் மெக்கென்னன். இருவரும் டிஸ்னி தட்டுகளில் அடிக்கடி வரும் குரல் கலைஞர்கள். படத்தில் ஒரு பாட்டுக்கு மட்டும் சேர்ந்து வரும் ஹாரிசும் பிரிமாவும் இங்கே ஒரே கதையில் மனம்விட்டு விளையாடுகிறார்கள். ஒரு படத்தின் இரண்டாம் பாகத்தைப் படமே எடுக்காமல் ரெக்கார்டாகவே வெளியிட்டார்கள்! வரைவதற்கு ஆண்டுகளும் பெரும் பணமும் வேண்டும். குரலும் இசையும் இருந்தால் தட்டில் காடு எழுந்துவிடும். இந்தக் கலையின் தன்னம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியாது. உங்கள் கட்டில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

அடையாளம் காண இரண்டு குறிப்புகள். உறையில் படத்தின் பெயரும் ஓவியமும் இருப்பதால் உள்ளே படத்தின் குரல்கள் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. பாடுபவர் பெயர்களைப் பாருங்கள். பெயரே இல்லாமல் ‘குழுவினர்’ என்று மட்டும் இருந்தால் ஸ்டூடியோ பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, பீட்டர் பேன் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் தட்டு கிடைத்தால் அது டிஸ்னியுடையதன்று. நியூஜெர்சி மாநிலத்தின் நூவர்க்கில் இயங்கிய வேறு நிறுவனம். புகழ்பெற்ற பாட்டுகளை வேறு பாடகர்களை வைத்து மலிவு விலையில் கொடுத்தது.

பாதுகாப்பு விஷயத்தில் கறுப்புத் தட்டுகளையும் வினைல் தட்டுகளையும் கண்டிப்பாகப் பிரித்து நடத்துங்கள். கனமான 78 வேகத் தட்டுகள் அரக்கில் செய்தவை. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்துதான் போயிற்று. போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு ரெக்கார்டுத் தொழிலுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் பீங்கான்போல உடையும். ஸ்பிரிட் அல்லது ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். வடித்த நீரில் நனைத்த மென்துணி போதும், நடுவிலுள்ள காகிதத்தில் ஈரம் படாமல் துடைக்க வேண்டும். அவற்றுக்குத் தனி ஊசி வேண்டும்: 78 தட்டின் வரி (ஊசி ஓடும் பள்ளம்) அகலமானது, எல்பி ஊசி அதன் அடியில் உரசிக்கொண்டே போகும், இரைச்சல்தான் மிஞ்சும். அதேபோல 78க்கான தடித்த ஊசியை எல்பி மீது வைத்தால் வரி அழிந்துவிடும்.

எல்லாத் தட்டுகளையும் நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நம் ஊர் வெயிலில் வினைல் ஒரே கோடையில் வளைந்துவிடும். ஸ்டோரிடெல்லர் உறையில் புத்தகத்தைப் பிடித்திருக்கும் கம்பித் தையல் துருப்பிடிக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை படரும். பழைய பிளாஸ்டிக் உள்ளுறைகளை மாற்றிக் காகித உள்ளுறை போடுங்கள்.

விலை பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். இவை லட்சக்கணக்கில் அச்சானவை, குழந்தைகள் கையில் தேய்ந்தவை. புத்தகம் கிழியாமல், கிறுக்கல் இல்லாமல், தட்டோடு சேர்ந்து இருந்தால்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள். உங்களிடம் உள்ளவற்றில் பெயர்ப் பக்கத்தில் ஒரு குழந்தை பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தால், சந்தை மதிப்புக்காக அதை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தட்டுகளை ஒரு முறை நல்ல ஊசியில் ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள், கீறல் சத்தத்தை மென்பொருளால் முழுதாகத் துடைக்காமல். அதை நீக்கப் போனால் ராபி லெஸ்டரின் மூச்சும் டிங்கர் பெல்லின் மணியின் நுனியும் சேர்ந்து போய்விடும்.